ஏற்றத்தில் விழுந்தவன்

அத்தியாயம் ஏழு

கம்பியைப் போலீஸ் அவிழ்த்துக்கொண்டு போய்விட்டது. ஆனால் பாதையின் இரண்டு பக்கமும் நின்ற சில்வர் ஓக் மரங்களில் அது பதிந்த தடம் அப்படியே இருந்தது. சைக்கிளில் உட்கார்ந்திருப்பவனின் கழுத்து உயரத்தில், பட்டையைக் கிழித்துக்கொண்டு. கீழே கல்லிடுக்கில் ரத்தம் காய்ந்து கறுத்துக் கிடந்தது.

ஸ்டெஃபி குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் காபிச் செடிகள் சடசடவென்று முறிகிற சத்தம் கேட்டது.

"மேடம், நான் செத்துட்டேன்," என்றது ரஞ்சித்தின் குரல், செடிக்குள்ளிருந்து. "போஸ்ட்மார்ட்டத்துல மூச்சு வாங்கிச் செத்தான்னு எழுதச் சொல்லுங்க. சைக்கிள்ல இருந்து விழுந்து செத்தான்னு எழுதினா எங்க ஊர்ல மரியாதை போயிரும்."

"எழுந்து வா. ஆள் செத்த இடம் இது."

ரஞ்சித் முகத்தைச் சரிசெய்துகொண்டு சைக்கிளைத் தள்ளியபடி வந்தான். ஸ்டெஃபி சேலத்தில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவள். நாகர்கோவில்காரி. ரஞ்சித் அவளுடைய உதவியாளன். தூத்துக்குடியில் பிறந்தவன், சமதரையைத் தவிர வேறெதையும் நம்பாதவன். இரண்டு பேரும் சேலத்துக்கு வந்து முழுசாக இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

கொலையுண்டவன் பெயர் ஜெப்சன். கொட்டச்சேடு என்ற மலையூர்க்காரன். மலைச்சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குக் காபித் தோட்டங்கள் வழியாகவும் தினைக்காடுகள் வழியாகவும் பாதை கண்டுபிடித்து, கூடவே கூட்டிப் போய்க் காட்டுவது அவன் தொழில். ஞாயிற்றுக்கிழமை காலை, பனி இன்னும் விலகாத நேரத்தில், தலைச்சோலை ஊருக்குக் கீழே இந்த வளைவில் கழுத்து அறுபட்டுக் கிடந்தான். மேலேயிருந்து வேகமாக இறங்கி வந்தவன் குறுக்கே கட்டியிருந்த கம்பியில் மாட்டிக்கொண்டான் என்றார்கள். கம்பி, பக்கத்து நிலத்துக்காரர் அங்கப்பனின் வேலிக் கம்பி.

அங்கப்பனுக்குக் காரணமும் இருந்தது. நான்கு மாதத்துக்கு முன்னால் அவர் மனைவி அத்தாயியை இதே பாதையில் ஒரு சைக்கிள் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. இடுப்பெலும்பு முறிந்து, விறகுக்கட்டோடு சேர்ந்து பாதி நாள் அவள் அங்கேயே கிடந்தாள். இடித்தது ஜெப்சன்தான் என்று ஊர் முடிவு கட்டியது. "இன்னொரு சைக்கிள் இந்தப் பக்கம் வந்தா, ஓட்டறவன் தலை முண்டத்துல நிக்காது" என்று அங்கப்பன் பஸ் ஸ்டாண்டில் வைத்தே கத்தியிருக்கிறார்.

போலீஸ் வருவதற்கு முன்னால் ஜெப்சனின் உறவுக்காரப் பையன்கள் வந்துவிட்டார்கள். அங்கப்பனை அவர் நிலத்திலேயே கீழே தள்ளி, மண்வெட்டிக் காம்பால் அடித்தார்கள். விலா எலும்புகள் நொறுங்கின. ஒரு கண் இனிமேல் தேறுமா என்று டாக்டரே சொல்லவில்லை. இப்போது சேலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், காவலுக்கு ஒரு கான்ஸ்டபிளோடு கிடக்கிறார். "என்ர ஊட்டுக்காரர் செய்யலீங்க" என்று அத்தாயி போனில் அழுததால்தான் ஸ்டெஃபி மலையேறியிருந்தாள்.

"ரஞ்சித், இந்த மரத்தைப் பாரு. என்ன ஏறியிருக்கு?"

"மிளகுக் கொடி."

"எப்படி இருக்கு?"

"கம்பித் தடத்துக்குக் கீழ பச்சை. மேல வாடிப்போச்சு. கம்பி கொடியை அறுத்திருக்கு."

"மரம் யாரோடது?"

"அங்கப்பனோடது. கொடியும் அவரோடதுதான்."

"காய் பிடிச்ச கொடி. விவசாயி ஒருத்தன் இந்த மரத்துல கம்பி கட்டினா, கொடியை ஒதுக்கிட்டுக் கம்பியை அதுக்கு அடியில விட்டுத்தான் கட்டுவான்."

"ஆளைக் கொல்லப் போறவரு மிளகைப் பத்தியா மேடம் யோசிப்பாரு?"

"யோசிக்க மாட்டார். யோசிக்காமலே அவர் கை அப்படித்தான் செய்யும். இதைக் கட்டின கைக்கு மரத்துல என்ன இருக்குன்னே தெரியலை."

ரஞ்சித் தலையாட்டினான். "இன்ஸ்பெக்டர்கிட்ட இதைச் சொன்னா, 'மிளகுக்கொடி சாட்சி சொல்லுமா'ன்னு கேட்பாரு." பிறகு தன் சைக்கிளை வெறுப்போடு பார்த்தான். கொட்டச்சேடு சாலையில் ஜெப்சன் நடத்திய ஷெட்டிலேயே காலையில் வாடகைக்கு எடுத்தது. "இது ஒரு மோசடி மேடம். இந்த மேட்டுல ஏறணும்னா பின்னாடி இருக்கிறதுலயே பெரிய பல்சக்கரத்துக்குச் செயினை மாத்தணும்னு அந்தக் கடைக்காரப் பொண்ணு சொல்லுச்சு. மாத்தினேன். கால் பாட்டுக்குச் சுத்துது, சைக்கிள் ஒரு முழம்தான் நகருது. கூட ஒரு நத்தை வந்துச்சு. 'முன்ன போ தம்பி'ன்னு வழி விட்டேன்."

ஸ்டெஃபி சிரிக்கவில்லை. அவன் சைக்கிளின் பின்சக்கரத்தையே பார்த்தாள். சட்டென்று தன் போனை எடுத்தாள். ஜெப்சனின் உடலை முதலில் பார்த்த எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர், போலீஸ் வருவதற்கு முன்னால் எடுத்த போட்டோ அதில் இருந்தது. உடல், ரத்தம், பக்கத்தில் முன்சக்கரம் பள்ளத்தைப் பார்த்தபடி சாய்ந்து கிடக்கிற சைக்கிள். அவள் பின்சக்கரத்தைப் பெரிதாக்கினாள்.

"செயின் எங்க கிடக்கு, சொல்லு."

ரஞ்சித் எட்டிப் பார்த்தான். முகத்திலிருந்த கேலி மறைந்தது. "பெரிய பல்சக்கரத்துல. என் சைக்கிள்ல இருக்கிற மாதிரியே."

"இறங்குறவன் இந்தக் கியர்ல இறங்குவானா?"

"இறங்க மாட்டான். இது ஏறுற கியர்."

"ஜெப்சன் இறங்கி வரலை. ஏறிப் போயிட்டிருந்தான். நடக்கிற வேகத்துல. அந்த வேகத்துல குறுக்க ஒரு கம்பி வந்தா என்ன ஆகும்?"

"காலை ஊன்றி நின்னு, கெட்ட வார்த்தை சொல்லிட்டு, குனிஞ்சு போயிருப்பான். கழுத்து அறுபடாது." அவன் மரத்திலிருந்த தடத்தைத் திரும்பிப் பார்த்தான். "அப்போ கம்பி மரத்துல இல்லை."

"யாரோ கையில இருந்தது. பின்னாடியிருந்து கழுத்துல போட்டு இழுத்திருக்காங்க. அவன் அடங்கின பிறகு மரத்துல கட்டி, சைக்கிளைப் பள்ளம் பார்க்கத் திருப்பிப் போட்டிருக்காங்க. சைக்கிளைத் திருப்பினவங்க கியரை மாத்தலை. கியர் மாத்தணும்னா பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைச் சுத்தணும். ரத்தம் ஓடிக்கிட்டிருக்கிற உடம்புக்குப் பக்கத்துல அதுக்கு எவனுக்குப் பொறுமை இருக்கும்?"

"சரி மேடம். ஆனா காலங்காத்தால எதுக்கு இந்த மேட்டுல ஏறினான்? பாதை முடியிற இடத்துல என்ன இருக்கு?"

"ஒரே ஒரு வீடு," என்றாள் ஸ்டெஃபி. "அங்கப்பனோட வீடு."

அத்தாயி கைத்தடியை ஊன்றிக்கொண்டு வாசலுக்கே வந்து நின்றாள். ஐம்பது வயசிருக்கும். ஒவ்வொரு அடிக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வாங்க, வாங்க. ஏனுங்க, அவருக்கு இப்பத் தேவலைங்களா? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறாங்க."

"உயிருக்கு ஆபத்தில்லைம்மா," என்றாள் ஸ்டெஃபி. பிறகு சுற்றிவளைக்காமல் கேட்டாள். "ஞாயித்துக்கிழமை காலையில ஜெப்சன் உங்க வீட்டுக்குத்தானே வந்துட்டிருந்தான்?"

அத்தாயி ஓர் அடி பின்வாங்கினாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா. சொன்னாத்தான் உங்க வீட்டுக்காரரைக் காப்பாத்த முடியும்."

"சொன்னா அவரத் தூக்குல போட்டுருவாங்கன்னுதானுங்க வாயத் தொறக்காம இருந்தேன்." அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எங்க ஊட்டுக்கு வர வழியிலதான் செத்தான்னு தெரிஞ்சா, வரச்சொல்லிக் கொன்னுட்டாங்கன்னு போலீசு சொல்லாதுங்களா?"

"ஜெப்சன் இதுக்கு முன்னாடியும் வந்திருக்கானா?"

"வாராவாரம் வருவானுங்க. இவரு காட்டுக்குப் போற நேரம் பாத்து. ரொட்டி, முட்டை, மருந்து வாங்கிட்டு வந்து வெச்சிட்டு, தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பான். நாங்கூட இவந்தான் இடிச்சான், மனசு கேக்காம வாரான்னு நெனச்சேன். ஒரு நாள் கேட்டே புட்டேன். 'நான் இல்லீங்கம்மா. யாருன்னு எனக்குத் தெரியும். ஞாயித்துக்கெழம அந்தப் புள்ளையக் கூட்டியாறேன். உங்க கால்ல உளுந்து மன்னிப்புக் கேட்டுட்டு, நேரா ஸ்டேஷனுக்குப் போய் ஒத்துக்கச் சொல்றேன்'னான். நொம்ப நல்ல பையனுங்க. அவன் சத்தியமா இடிச்சிருக்க மாட்டான்."

"பேரு சொன்னானா?"

"சொல்லலீங்க. 'கூட்டியாறப்ப நீங்களே பாப்பீங்க'ன்னான்." அவள் ரஞ்சித்தைப் பார்த்தாள். கையெல்லாம் சிராய்ப்பாக இருந்தான். "ஏன் கண்ணு, உளுந்துட்டயா? மஞ்சத்தூள் எடுத்தாறட்டா?"

"வேண்டாம்மா. மஞ்சளைக் கல்யாணத்துக்கே தடவிக்கிறேன்," என்றான் ரஞ்சித். அந்த நிலைமையிலும் அத்தாயியின் முகத்தில் ஒரு கணம் சிரிப்பு வந்து போனது.

வெளியே வந்ததும் அவன் சொன்னான். "ஜெப்சன்கூட ஷெட்டுல தொழில் பண்ற புள்ள யாரு மேடம்? ஜோஸ்வா. ஆறடி உயரம், தேங்காய் உரிக்கிற மாதிரி கை. நேரா அவன்கிட்ட போறோமா? இல்லை, நான் முதல்ல இன்ஷூரன்ஸ் எடுத்துக்கட்டுமா?"

"நேரா போறோம்," என்றாள் ஸ்டெஃபி. "இன்ஸ்பெக்டருக்கும் சொல்லிடுறேன்."

காலையில் அவர்கள் தங்கள் ஜீப்பை நிறுத்தியிருந்த ஷெட்டுக்கு முன்னால் ஜோஸ்வா ஒரு சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். உள்ளேயிருந்து ஷீனா டீயோடு வந்தாள். ஜெப்சனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண். அவன் சாவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் சர்ச்சில் அவர்கள் கல்யாணத்தை அறிவிக்கிற முதல் ஓலையை வாசித்திருந்தார்கள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஷெட் சுவரில் அவள் சைக்கிள் பந்தயத்தில் வாங்கிய மெடல்கள் தொங்கின. அடுத்த மாதம் மாநில அணிக்காகச் சைக்கிள் ஓட்டப்போகிறவள்.

"குடிங்க மேடம்," என்று டம்ளரை நீட்டினாள். விரல்நுனி வரைக்கும் மூடுகிற சைக்கிள் கையுறைகள் போட்டிருந்தாள். "ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா?"

"தெரிஞ்சுது. ஜெப்சன் கம்பியில மாட்டிச் சாகலை. கூட வந்த ஆள் கழுத்தை நெரிச்சுக் கொன்னிருக்கான்." ஸ்டெஃபி திரும்பினாள். "ஜோஸ்வா, ஞாயித்துக்கிழமை காலையில நீங்க எங்க இருந்தீங்க?"

ஜோஸ்வா மெதுவாக எழுந்தான். கையில் பெரிய ஸ்பேனர்.

"என்ன கேட்டீங்க?"

"அண்ணன் காதுல விழலை போல," என்றான் ரஞ்சித். "மேடம் கேட்டது—"

முடிக்கவில்லை. ஜோஸ்வாவின் இடது கை அவன் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கித் தகரச் சுவரில் மோதியது. ஷெட்டே அதிர்ந்தது. மெடல்கள் கலகலவென்று கீழே விழுந்தன. ரஞ்சித்தின் உதடு கிழிந்து ரத்தம் முகவாயில் வழிந்தது.

"என்ர தம்பி மாதிரிடா அவன்! சவப்பெட்டியத் தோள்ல சுமந்தவன் நானு! என்னப் பாத்தா கொன்னேன்னு சொல்றீங்க?" ஸ்பேனர் மேலே எழும்பியது.

"அத்தாயியை இடிச்ச ஆளை ஜெப்சனுக்குத் தெரியும்!" ஸ்டெஃபி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். "அன்னைக்குக் காலையில அந்தப் புள்ளையைக் கூட்டிட்டு வரேன்னு அத்தாயிகிட்ட சொல்லியிருக்கான். உங்களைத் தவிர அவன்கூட யாரு ஓட்டுறா?"

ஸ்பேனர் காற்றிலேயே நின்றது.

"என்னன்னு சொன்னான்?"

"அந்தப் புள்ளையன்னு."

"புள்ளைன்னா சொன்னான்?" ஜோஸ்வாவின் குரல் தடுமாறியது. "ஏனுங்க மேடம், எங்க பக்கம் ஆம்பளைய யாருங்க புள்ளைன்னு சொல்லுவாங்க? என்னையச் சொல்லியிருந்தா பையன்னு சொல்லியிருப்பான். புள்ளைன்னா..."

காலரையும் ஸ்பேனரையும் அவன் விட்டுவிட, ரஞ்சித் கீழே சரிந்தான். ஜோஸ்வாவின் தலை மெதுவாகத் திரும்பியது.

ஸ்டெஃபியின் ஊரில் ஆணும் புள்ளைதான், பெண்ணும் புள்ளைதான். ரஞ்சித்தின் ஊரிலும் அப்படியே. வார்த்தையைக் காதில் வாங்கியதோடு இரண்டு பேரும் விட்டுவிட்டார்கள். இங்கே அது பெண்ணுக்கு மட்டும் சொல்கிற வார்த்தை. அவள் தன் பிடியிலிருந்த ஜோஸ்வாவின் கையைப் பார்த்தாள். கிரீஸ் படிந்த, காய்ப்புக் காய்த்த உள்ளங்கை. ஒரு கீறல் இல்லை. மெல்லிய கம்பியை ஒரு மனிதன் சாகும்வரை இழுத்துப் பிடித்த கை இப்படி இருக்காது.

"ஷீனா," என்றாள். "டீ போடும்போது எதுக்குக் கையுறை?"

கொதிக்கிற டீ ஸ்டெஃபியின் முகத்துக்கு வந்தது.

அவள் கண்ணை மூடித் திரும்பினாள். கன்னமும் கழுத்தும் பற்றி எரிந்தன. ஷீனா ஆணியில் தொங்கிய சைக்கிள் செயினை உருவி, குறுக்கே வந்த ஜோஸ்வாவின் முகத்தில் வீசி அடித்தாள். புருவத்திலிருந்து தாடை வரைக்கும் சதை பிளந்தது. அவன் முட்டி போட்டு விழுந்தான். கீழே கிடந்த ரஞ்சித் அவள் காலைப் பிடித்தான். மற்றக் காலால் அவன் விலாவில் ஓங்கி மிதித்தாள். ஒரு முறை, இன்னொரு முறை. பிடி விட்டது. சைக்கிளில் தாவி ஏறி, ஷெட்டுக்குப் பின்னாலிருந்த சரிவுப் பாதையில் பாய்ந்துவிட்டாள்.

ஜோஸ்வா எழுந்தான். ஒரு கண் ரத்தத்தில் மூடியிருந்தது. இன்னொரு சைக்கிளை எடுத்துக்கொண்டு அதே பாதையில் விழுந்தடித்துப் போனான்.

"ஜீப்!" என்றாள் ஸ்டெஃபி. "அந்தப் பாதை கீழே ரோட்டைத் தொடுற இடத்துக்கு!"

ரஞ்சித் விலாவைப் பிடித்தபடி ஜீப்புக்குள் விழுந்தான். "நான் புடிச்சேன் மேடம், அவதான் நிக்கலை," என்றான். அதற்கு மேல் பேச மூச்சு வரவில்லை.

மலைச்சாலையில் ஸ்டெஃபி ஜீப்பைச் செலுத்திய விதத்தில் டயர்கள் கதறின. வலப்பக்கம் காபிச் செடிகளுக்கு நடுவே இரண்டு சைக்கிள்கள் மின்னி மறைந்தன. ஷீனா முன்னால். கல்லிலும் வேரிலும் பட்டு அந்தச் சைக்கிள் துள்ளியது, அவள் உடம்பு அசையவில்லை. அவளைத் துரத்திப் பிடிக்க இந்த மலையில் ஆள் கிடையாது. ஜோஸ்வா துரத்தவில்லை. பாதை வளைந்து திரும்புகிற இடத்தில், வளைவில் போகாமல், நேராகக் கரையிலிருந்து சைக்கிளோடு, கீழே திரும்பி வந்த அவள்மேல் குதித்தான்.

இரும்பும் எலும்பும் மோதிய சத்தம் சாலைக்குக் கேட்டது.

ஸ்டெஃபி ஓடிப்போய்ப் பார்த்தபோது ஷீனா பாறையோரம் மல்லாந்து கிடந்தாள். தோள்பட்டை எலும்பு தோலைக் குத்திக்கொண்டு வெளியே தெரிந்தது. ஜோஸ்வா அவள் மார்பில் முட்டியை ஊன்றி உட்கார்ந்திருந்தான். அவன் முகத்து ரத்தம் அவள் முகத்தில் சொட்டியது. கையில் தலை அளவுக்கு ஒரு கல்.

"ஜோஸ்வா, கல்லைக் கீழே போடு!"

அவனுக்குக் கேட்கவில்லை. கல் மேலே போனது. ஸ்டெஃபி எட்டுவதற்குள் அது இறங்கிவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது.

ரஞ்சித் அவளைத் தாண்டி ஓடினான். ஓடிய வேகத்தில் ஷீனாவின் தலைமேல் குப்புற விழுந்தான். கல் அவன் தோளில் இறங்கியது. உள்ளே ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. அவன் அலறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவளை மூடியபடியே கிடந்தான்.

"அண்ணே," என்றான் திணறிக்கொண்டு. "இவ செத்தா அங்கப்பன் உள்ளதான் இருப்பாரு. இவ வாயால சொல்லணும்ணே."

ஜோஸ்வாவின் கை தொங்கியது. ஓரமாகச் சரிந்து, மண்ணில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

ஸ்டெஃபி ஷீனாவின் கையுறையைக் கழற்றினாள். விரல்களின் குறுக்கே ஆழமான வெட்டுகள், சீழ் பிடித்திருந்தன.

"அன்னைக்கு விரல் மூடாத அரைக் கையுறைதான் போட்டிருந்தேன்," என்றாள் ஷீனா, வானத்தைப் பார்த்தபடி. "வேலியில கம்பிச் சுருள் தொங்குச்சு."

"ஏன்?"

"ஒத்துக்கிட்டா அணியில எடம் போயிரும். ஜெயில். அப்புறம் எப்பவும் ஓட்ட முடியாது. எத்தன தடவ சொன்னேன், கெஞ்சினேன். 'மொதல்ல மன்னிப்புக் கேளு, கல்யாணம் அதுக்கப்பறம்'னான். 'நான் கூட இருக்கேன், பயப்படாத'ன்னான்." அவள் மூச்சு இழுத்தது. "மேட்டுல எனக்கு முன்னாடி மிதிச்சிட்டுப் போனான். நான் எறங்கி நடந்தே பக்கத்துல போயிட்டேன். ஒரு தடவகூடத் திரும்பிப் பாக்கலீங்க. நான் பின்னாடிதான் வரேன்னு அவ்வளவு நம்பிக்கை அவனுக்கு."

ஸ்டெஃபி போனில் இடம் சொன்னதும் இன்ஸ்பெக்டரின் ஜீப்பும் அதன் பின்னால் ஆம்புலன்ஸும் வந்து நின்றன. ஷீனா சொன்னதையே அவர் காதுபடத் திரும்பச் சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு போனை எடுத்து, ஆஸ்பத்திரியில் அங்கப்பனுக்குப் போட்ட காவலை விலக்கச் சொன்னார். அத்தாயியைச் சேலத்துக்கு அழைத்துப் போக ஒரு வண்டி அனுப்பினார்.

ரஞ்சித்தின் கையைத் துணியால் கழுத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். ஸ்டெஃபி அவன் தலையைத் தடவினாள்.

ஸ்ட்ரெச்சரைத் தூக்கியபோது ஷீனா தலையைத் திருப்பினாள்.

"ஜெப்சனோட அம்மாகிட்ட யாரு சொல்லுவாங்க? தினமும் என்னையத்தான் பக்கத்துல படுக்கச் சொல்லி அழறாங்க."

கதவு மூடியது. ஆம்புலன்ஸ் அடிவாரத்தை நோக்கி இறங்கியது.

ஜோஸ்வா எழுந்தான். பிளந்த முகத்தைச் சட்டையால் துடைத்தான்.

"நான் போய்ச் சொல்றேங்க," என்றான்.

வண்டியில் ஏறச்சொன்ன இன்ஸ்பெக்டருக்குக் கையசைத்து வேண்டாமென்றான். உடைந்து கிடந்த இரண்டு சைக்கிள்களையும் தாண்டி, கொட்டச்சேட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான்.